ஒற்றை பிளொப்பி டிரைவும் கட்டளைகளும்: சம்மாந்துறைத் தம்பிக்கு ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். சம்மாந்துறையிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு, மூடிப்போன ஒரு ரியூட்டரியின் பின்னறையிலிருந்து பழைய எக்ஸ்டி வகைக் கணினி (ஐபிஎம்மின் எண்பதுகளின் மாதிரி) ஒன்று கிடைத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் கிடையாது. 360 கிலோபைட் பிளொப்பி டிரைவ் இரண்டில் ஒன்று செத்துவிட்டது, மற்றது ஓடுகிறது. மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள் டொஸ் 3.3. டிர் (டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பட்டியல்), கொப்பி என்று அடித்தால் டொஸ் டிஸ்க் உள்ளே இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது. டிஸ்க்கைச் சரிபார்க்கிற செக்டிஸ்க் என்று அடித்தால் நடக்கவில்லை. அதைவிடப் புதினம், லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் புரோகிராமை மூடிவிட்டு வெளியே வந்தவுடன், ஒன்றும் அடிக்காமலே, கொமாண்ட்.கொம் உள்ள டிஸ்க்கைப் போடு என்று அது கேட்கிறது. அமிகா என்ற கொமடோர் கணினியில் ரெசிடென்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறதாமே, அதைப்போலக் கட்டளைகளை மெமரியில் வைத்திருக்க டொஸ்ஸில் வழி இல்லையா என்பது கேள்வி. கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியில் எப்படி என்றும் கேட்டிருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்ற கேள்வி. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது, டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போட்டுக் கை ஓய்ந்துபோகிறதே, அதைக் குறைப்பது எப்படி என்பதுதான். இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் பொறியியலாளர் இல்லை. 1993 இல் தொடங்கி ஆறேழு வருடம் மட்டக்களப்பு நகரில், திருமலை வீதிக்குப் பக்கத்தில் ஒரு கணினி வகுப்பு நடத்தினேன். கொழும்பில் கழித்துவிட்ட எக்ஸ்டி மெஷின்கள் நாலு, நாலிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகள். அந்த நாலையும் பிழைக்க வைக்கப் போய்த்தான் டொஸ்ஸின் உள்வீடு தெரிந்தது. ஆகவே டொஸ் பற்றிச் சொல்வதைக் கைகண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அமிகா ஒரு நண்பர் வீட்டில் ஒரு விடுமுறைக்காலம் முழுக்க நோண்டியது, பிறகு எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கிற மென்பொருள்) ஓட்டியது, அவ்வளவுதான். இன்னொன்று, கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கீபோர்ட்டில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சரி. டொஸ்ஸில் கட்டளைகள் இரண்டு சாதி. டிர், கொப்பி, டெல், ரென், டைப், சிஎல்எஸ், டேட், டைம், எம்டி, சிடி, ஆர்டி, பாத், செட் எல்லாம் தனிக் கோப்புகள் இல்லை. கொமாண்ட்.கொம் என்ற ஒரே கோப்புக்குள் அவை சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. மெஷின் தொடங்கும்போது அந்தக் கோப்பு மெமரிக்கு வந்துவிடுகிறது, அதனால் டிஸ்க்கை எடுத்த பிறகும் டிர் ஓடுகிறது. செக்டிஸ்க், டிஸ்க்கொப்பி, ஃபோர்மட், எக்ஸ்கொப்பி, ட்ரீ, சோர்ட், மோர் எல்லாம் வெளிக் கட்டளைகள். ஒவ்வொன்றும் டொஸ் டிஸ்க்கில் தனிக் கோப்பு. நீங்கள் பெயரை அடித்த நேரத்தில் அந்தக் கோப்பு டிரைவுக்குள் இல்லாவிட்டால் அதைக் கொண்டுவர டொஸ்ஸுக்கு வேறு இடம் தெரியாது. ஓடி முடிந்ததும் மெமரியில் அதற்கு இடம் இல்லை. அடுத்த தரம் திரும்பவும் டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். லோட்டஸ் கேள்விதான் சுவையானது, அங்கேதான் பிள்ளைகள் குழம்புவார்கள். டிர் உள்ளே இருக்கிற கட்டளை என்றால், லோட்டஸை மூடினதும் ஏன் டிஸ்க் கேட்கிறது? ஏனென்றால் கொமாண்ட்.கொம் முழுவதும் மெமரியில் நிரந்தரமாக இருப்பதில்லை. அது இரண்டு துண்டு. சின்னத் துண்டு டொஸ்ஸோடு ஒட்டி மெமரியின் அடிப்பக்கத்தில் அசையாமல் இருக்கும். பெரிய துண்டு, டிர், கொப்பி எல்லாம் குடியிருக்கிற துண்டு, மெமரியின் மேல் நுனியில் போய் இருக்கும். அந்த இடத்துக்கு உறுதி கிடையாது. வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற ஆள் மாதிரி. விருந்தாளி குறைவு என்றால் அவர் பாட்டுக்குப் படுத்திருப்பார். லோட்டஸ் மாதிரி ஊரையே கூட்டிக்கொண்டு வருகிற விருந்தாளி என்றால் விறாந்தையும் போய்விடும், பாயும் போய்விடும். புரோகிராம் முடிந்ததும், அடியில் இருக்கிற சின்னத் துண்டு மேலே போன துண்டின் எண்களைக் கூட்டிச் சரிபார்க்கும். கூட்டுத்தொகை பொருந்தினால் ஒன்றும் கேட்காது. பொருந்தாவிட்டால் கொமாண்ட்.கொம்மைத் திரும்ப வாசிக்க வேண்டும். அதை எங்கே தேடுவது என்பது கொம்ஸ்பெக் என்ற பெயரில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏ டிரைவ்தான். உங்கள் ஏ டிரைவுக்குள் அந்த நேரம் லோட்டஸ் டிஸ்க் இருக்கிறது. ஆகவே கேட்கிறது. ஒரு டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுக்கிற டிஸ்க்கொப்பி ஓடின பிறகும் பெரும்பாலும் இதே கேள்வி வரும், அதுவும் கிடைக்கிற மெமரி முழுவதையும் பிடித்துக்கொள்கிற சாமான்.

ஆகவே மெமரியில் முதலில் வைக்க வேண்டியது செக்டிஸ்க்கும் இல்லை, டிஸ்க்கொப்பியும் இல்லை. கொமாண்ட்.கொம்தான். இதை எங்கள் வகுப்பில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது. அதுவரை எந்தக் கட்டளையை ராம் டிஸ்க்கில் (டிரைவ் மாதிரி ஆக்கப்பட்ட மெமரித் துண்டு) போடலாம் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன், தொல்லையில் பாதிக்கு மேல் அந்த ஒரு கோப்பால் வந்தது என்று தெரியாமல்.

செய்யும் முறை இது. உங்கள் டொஸ் ஐபிஎம் பதிப்பு என்றால் டிஸ்க்கில் விடிஸ்க்.சிஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். மைக்ரோசொஃப்ட் பதிப்பு என்றால் ராம்டிரைவ்.சிஸ். இரண்டும் மெமரியில் ஒரு துண்டைப் பிரித்து எடுத்து, இதுவும் ஒரு டிரைவ் என்று டொஸ்ஸை நம்பவைக்கிற வேலையைத்தான் செய்கின்றன. மெஷின் தொடங்கும்போது டொஸ் வாசிக்கிற கொன்பிக்.சிஸ் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: டிவைஸ், சமன் குறி, கோப்பின் பெயர், பிறகு இடைவெளி விட்டு 128 512 64. முதல் எண் கிலோபைட் கணக்கில் அளவு, இரண்டாவது செக்டர் அளவு, மூன்றாவது எத்தனை கோப்புப் பெயர்கள் கொள்ளும் என்பது. எண்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் 64 கிலோபைட் மட்டும் தரும். மெஷினைத் திரும்பத் தொடக்கினால் சி என்ற டிரைவ் வந்திருக்கும். ஒரு டிரைவ்தானே ஓடுகிறது, பி என்று வராதா என்று கேட்பீர்கள். வராது. டிரைவ் ஒன்றாக இருந்தாலும் டொஸ் அதையே ஏ என்றும் பி என்றும் இரண்டு பெயரில் கூப்பிடும், பி எழுத்து அதற்கே ஒதுக்கப்பட்டுவிட்டது.

அப்புறம், தொடக்கத்தில் தானாகவே ஓடுகிற ஓட்டோஎக்ஸெக்.பட் கோப்பில் நாலைந்து வரி. ஏ யிலிருந்து கொமாண்ட்.கொம்மை சி க்குக் கொப்பி செய்கிற வரி. அடுத்தது, செட் கொம்ஸ்பெக் சமன் சி:\கொமாண்ட்.கொம். அதன்பிறகு உங்களுக்கு வேண்டிய வெளிக் கட்டளைகளை ஒவ்வொன்றாக சி க்குக் கொப்பி செய்கிற வரிகள். கடைசியாக பாத் சி:\ என்று ஒரு வரி. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்கிற இந்த பாத் வரியில் ஏ யையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பலர் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷினில் நான் சேர்ப்பதில்லை. சேர்த்தால், நீங்கள் ஒரு பெயரைப் பிழையாக அடித்தாலும் டொஸ் அதை ஏ யில் தேடப் போகும். டிரைவ் காலியாக இருந்தால் நொட் ரெடி என்று நிற்கும். ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம்.

இன்னொரு சின்னச் சங்கதி. பட் கோப்புகளை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கிற கோப்புகளை, டொஸ் முழுதாக வாசித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. ஒரு வரி வாசிக்கும், ஓட்டும், திரும்பப் போய் அடுத்த வரியை வாசிக்கும். அதனால் நீங்கள் எழுதி வைத்த பட் கோப்பு ஏ யில் இருந்து, நடுவில் டிஸ்க்கை மாற்றினீர்கள் என்றால், பட் கோப்பு உள்ள டிஸ்க்கைப் போடு என்று அதற்கும் ஒரு கேள்வி வரும். அவற்றையும் சி யில் வைத்து அங்கிருந்து ஓட்டுங்கள்.

128 என்று ஏன் சொன்னேன், 256 வைத்தால் இன்னும் நிறையக் கட்டளை கொள்ளாதா? கொள்ளும். ஆனால் கணக்குப் பாருங்கள். 640 கிலோபைட் என்றால் 655,360 பைட். டொஸ் 3.3 தனக்கென்று கிட்டத்தட்ட 55 கிலோபைட் எடுக்கும், ஆறு லட்சம் பைட்டுக்குச் சற்றுக் குறைய மிஞ்சும். 128 கிலோபைட் ராம் டிஸ்க் போனால் நாலு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம். உங்கள் பிளொப்பி ஒன்றின் மொத்தக் கொள்ளளவு 40 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 9 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கினால் 368,640. ஒற்றை டிரைவில் டிஸ்க்கொப்பி ஓடும்போது மூல டிஸ்க் முழுவதும் ஒரே மூச்சில் மெமரிக்குள் அடங்கினால் ஒரு தரம் மாற்றினால் போதும். 128 வைத்தால் அடங்கும். 256 வைத்தால் மூன்று லட்சத்து முப்பதாயிரம் அளவில்தான் மிஞ்சும், அடங்காது. மூலம், புதிது, மூலம், புதிது என்று இரண்டு சுற்று வரும். டிஸ்க் மாற்றுவதைக் குறைக்க வைத்த ராம் டிஸ்க்கே டிஸ்க் மாற்றலைக் கூட்டிவிடும். நான் 256 வைத்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, ஏன் இப்போது டிஸ்க்கொப்பி இரட்டிப்பு நேரம் எடுக்கிறது என்று டிரைவைக் கழற்றித் துடைத்த ஆள். குற்றம் டிரைவில் இல்லை. லோட்டஸுக்கும் இதே கணக்குத்தான், பெரிய தாள் ஒன்று திறந்தால் மெமரி போதவில்லை என்று அழும்.

வேகத்திலும் ஒரு எல்லை இருக்கிறது. 360 பிளொப்பி நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது செக்கனுக்கு 5. ஒரு சுற்றுக்கு 9 செக்டர். எவ்வளவு நன்றாக ஓடினாலும் செக்கனுக்கு 23,000 பைட்டுக்கு மேல் தர அதால் முடியாது, நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஆகவே நூறு கிலோபைட் கோப்புகளைத் தொடக்கத்தில் கொப்பி செய்ய வைத்தீர்கள் என்றால் ஒவ்வொரு தரம் மெஷின் போடும்போதும் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். எது அடிக்கடி வேண்டும், அதிலும் டொஸ் டிஸ்க் உள்ளே இல்லாத நேரத்தில் எது வேண்டும் என்று பாருங்கள். இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். டிஸ்க்கில் டொஸ்ஸை ஏற்றுகிற சிஸ் என்ற கட்டளை உங்களுக்கு எப்போதாவது வேண்டும், வேண்டும்போது எப்படியும் டொஸ் டிஸ்க்கைத்தான் கையில் பிடித்திருப்பீர்கள். அதற்கு மெமரியில் இடம் எதற்கு? என் மெஷின்களில் இருந்தது கொமாண்ட்.கொம், அது 25 கிலோபைட் அளவு. செக்டிஸ்க், பத்துக்குக் கொஞ்சம் குறைய. டிஸ்க்கொப்பி, ஆறு. எக்ஸ்கொப்பி, பதினொன்று. பிறகு சோர்ட், மோர். எல்லாம் சேர்த்தாலும் அறுபது தாண்டாது, மிஞ்சுவதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மோர் என்ற கட்டளையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல ஆசை. முந்நூறு பைட் சொச்சம்தான், ஆனால் நீளமான கோப்பொன்றைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும். டைப் கட்டளையின் வெளியீட்டைச் செங்குத்துக் கோடு போட்டு மோருக்கு அனுப்புவோம். இதில் டொஸ் ஒரு கள்ளத்தனம் செய்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட அதற்குத் தெரியாது. முதலாவதை முழுதாக ஓட்டி, வந்ததை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு இரண்டாவதுக்கு அதைக் கொடுக்கும். அந்தத் தற்காலிகக் கோப்பு நீங்கள் நிற்கிற டிரைவில்தான் எழுதப்படும். நீங்கள் ஏ யில் நின்று, டிஸ்க்கின் காதுவெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி எழுத முடியாதபடி வைத்திருந்தால், வெறுமனே வாசிக்கப் போன இடத்தில் எழுத முடியவில்லை என்று பிழை காட்டும். பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். சி யில் நின்றுகொண்டு செய்தால் அந்தப் பிரச்சினை இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் முடியும். ராம் டிஸ்க்கில் மிஞ்சின இடத்துக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

புது டிஸ்க்கை எழுதத் தயார் செய்கிற ஃபோர்மட்டை என் பட்டியலில் காணவில்லை என்று கவனித்திருப்பீர்கள். முதலில் இருந்தது. புது டிஸ்க்குகள் பெட்டி பெட்டியாக ஃபோர்மட் பண்ண வேண்டிய காலம், ஆகவே அதைத்தான் எல்லாவற்றுக்கும் முதல் சி யில் போட்டேன். ஒரு நாள் ஒரு பாடசாலைக்காக நாங்கள் அடித்துக் கொடுக்க வேண்டிய சாதாரண தரப் பிள்ளைகளின் புள்ளிகள் இருந்த டிஸ்க் ஏ யில் கிடந்தது. பெடியன் ஒருவனிடம் புது டிஸ்க் ஒன்றை ஃபோர்மட் பண்ணச் சொல்லிவிட்டுப் பக்கத்து மெஷினுக்குத் திரும்பினேன். அவன் கட்டளையைச் சரியாகத்தான் அடித்தான். மெஷின் புது டிஸ்க்கைப் போட்டுவிட்டு எண்டர் அடி என்று கேட்டது. அவன் எண்டர் அடித்தான். டிரைவ் கடகடவென்று ஒரே தாளத்தில் ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பிப் பார்த்தேன், வாசிக்கிற சத்தம் அப்படி இருக்காது. "சேர், அது டிஸ்க் கேட்டிச்சு, நான் எண்டர் அடிச்சன்" என்றான். அவனைக் குறைசொல்ல முடியாது. நாள் முழுக்க டிஸ்க்கைப் போடு, விசையை அடி என்று மெஷின் கேட்டுக் கேட்டு, வாசிக்காமலே அடிக்கிற பழக்கத்தை அவன் கைக்கு நாங்கள்தான் ஊட்டியிருந்தோம். டொஸ் 3.3 இல் பிளொப்பியை ஃபோர்மட் செய்தால் பெயர்ப்பட்டியல் மட்டும் அழிவதில்லை, தடம் தடமாகப் புதிதாக எழுதிவிடும். மீட்க வழி இல்லை. இரவிரவாக இருந்து திரும்ப அடித்தோம்.

முன்பு ஃபோர்மட் டொஸ் டிஸ்க்கில் மட்டும் இருந்தபோது, அதை ஓட்டுவதற்கே உள்ளே கிடக்கிற டிஸ்க்கை எடுத்துவிட்டு டொஸ் டிஸ்க்கைப் போட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைதான் புள்ளிகள் டிஸ்க்கைக் காப்பாற்றியிருக்கும். ஆகவே அழிக்கிற கட்டளையை மட்டும் டிஸ்க்கிலேயே விட்டுவிடுங்கள். டெல் உள்ளேயே தைத்திருக்கிறதே என்பீர்கள், உண்மைதான், அதை ஒன்றும் செய்ய முடியாது.

ராம் டிஸ்க்கில் கட்டளைகளை வைக்கலாம், கடிதத்தை வைக்கக் கூடாது. கரண்ட் போனால் போச்சு. கண்ட்ரோல், ஓல்ட், டெல் மூன்றையும் அமர்த்தினாலும் போச்சு. 1996 இல் வரட்சியால் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை, யூபிஎஸ் என்ற சொல்லைத்தான் கேள்விப்பட்டிருந்தோம். கட்டளைகள் போனால் கவலை இல்லை, அவை கொப்பிதானே, அடுத்த தரம் போடும்போது ஓட்டோஎக்ஸெக் திரும்பக் கொண்டுவந்துவிடும். வேகமாக இருக்கிறது என்று லோட்டஸ் தாளை சி யில் சேமித்த ஒரு பிள்ளை இரண்டு மணிநேர வேலையை ஒரு நொடியில் இழந்தது.

சில வெளிக் கட்டளைகள் ஒருக்கால் ஓட்டினால் தாங்களாகவே மெமரியில் தங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிண்ட், கிராஃபிக்ஸ், கீப், அப்பெண்ட் எல்லாம் அந்த வகை. அவற்றை ராம் டிஸ்க்கில் போடுவது வீண், தொடக்கத்தில் ஏ யிலிருந்தே ஒருக்கால் ஓட்டிவிட்டால் போதும். அப்பெண்ட் முதல் தரம் வெளிக் கட்டளை, அதன்பிறகு உள்கட்டளை மாதிரியே நடந்துகொள்ளும். உங்கள் கேள்வியில் உள்ள ரெசிடென்டுக்கு டொஸ்ஸில் கிட்டிய சொந்தம் இதுதான். ஆனால் எது தங்க வேண்டும் என்பதை அந்தப் புரோகிராமை எழுதினவர் தீர்மானிக்கிறார், நீங்கள் இல்லை. செக்டிஸ்க்கை இப்படித் தங்கு என்று சொல்ல வழி கிடையாது.

அமிகாவில் அது உங்கள் கையில் இருந்தது. அங்கே தேவை இன்னும் கூட. 1987 இல் வந்த அமிகா 500 இல் 512 கிலோபைட் மெமரி, 880 கிலோபைட் பிளொப்பி. ஆனால் டிர், லிஸ்ட், கொப்பி, ஏன், சிடி கூட சி என்ற கோப்புறைக்குள் டிஸ்க்கில் இருக்கிற தனிக் கோப்புகள்தான். வேறொரு டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க டிர் அடித்தால், வேர்க்பெஞ்ச் என்ற அமிகாவின் தொடக்க டிஸ்க்கைப் போடு என்று பெயர் சொல்லிக் கேட்கும். போட்டால் டிர் வந்து ஏறும், பிறகு மற்ற டிஸ்க்கைக் கேட்கும். முதலில் வந்த வழி, கட்டளைகளை ராம் என்ற டிஸ்க்குக்குக் கொப்பி செய்துவிட்டு, சி என்றால் இனிமேல் அங்கேதான் என்று அசைன் கட்டளையால் சொல்லிவிடுவது. அந்த ராம் டிஸ்க்குக்கு அளவு குறிக்க வேண்டியதில்லை, போடப் போட வளரும், எடுக்க எடுக்கச் சுருங்கும். டொஸ் விடிஸ்க்கைவிட இது நாகரிகமானது.

அதிலும் ஒரு விரயம் இருந்தது. ராமில் இருக்கிற டிர்ரை ஓட்டினால், அது கோப்பு என்ற கணக்கில் ஒரு தரமும், ஓடுகிற புரோகிராம் என்ற கணக்கில் இன்னொரு தரமும் மெமரியில் இருக்கும். விடிஸ்க்கிலும் இதே கதைதான். 1988 இல் வந்த அமிகா மென்பொருளின் 1.3 பதிப்பின் ரெசிடென்ட் இந்த இரட்டிப்பை ஒழித்தது. கட்டளையை ஒருக்கால் மெமரியில் ஏற்றி வைக்கும், ஓட்டும்போது அந்த ஒரே பிரதியே அந்த இடத்திலேயே ஓடும். அமிகாவில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் என்பதால், இரண்டு சன்னலில் இரண்டு பேர் ஒரே பிரதியை ஓட்டினாலும் ஒருவருடைய கணக்கு மற்றவருடையதைக் குழப்பாதபடி அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதப்பட்டதற்குத்தான் பியூர் என்ற அடையாளம். எமுலேட்டரில் லிஸ்ட் அடித்துப் பாருங்கள், கோப்பின் உரிமை எழுத்துகளுக்குள் பி என்று ஒரு எழுத்து தெரியும். அந்த எழுத்து இல்லாத கோப்பை வற்புறுத்தி ரெசிடென்ட் ஆக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றாக ஓட்டினால்கூட இரண்டாம் தரம் பழைய எச்சத்தோடு தொடங்கிக் கோளாறு பண்ணலாம். ராட் என்று இன்னொரு ராம் டிஸ்க்கும் 1.3 இல் உண்டு. மெஷினைத் திரும்பத் தொடக்கினாலும் உள்ளே இருப்பது அழியாது, கரண்டை நிறுத்தினால்தான் அழியும். டொஸ்காரர்கள் பொறாமைப்பட்ட சாமான். பதிப்பு 2 இல் கட்டளைகளில் நிறைய ரொம் சில்லுக்குள்ளேயே போய்விட்டன, அதோடு இந்தப் பாடு பெரும்பாலும் முடிந்தது.

கொமடோர் 64 பற்றியும் கேட்டிருந்தீர்கள், ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதன் டிஸ்க் புத்தி முழுவதும் 1541 டிரைவின் சொந்த ரொம்மில் இருக்கிறது, ஆகவே டிஸ்க் மாற்றல் தொல்லை இல்லை. தொல்லை வேறு: டிஸ்க்கின் பட்டியலை லோட் பண்ணிப் பார்த்தால், மெமரியில் நீங்கள் எழுதிக்கொண்டிருந்த பேசிக் புரோகிராம் அழிந்துவிடும். வெட்ஜ் என்ற குட்டிப் புரோகிராமை மெமரியில் வைத்திருந்தால் அழியாமல் பட்டியல் பார்க்கலாம். டொஸ்ஸுக்கு மூத்த சிபிஎம் என்ற இயங்குதளத்திலும் விறாந்தைப் பாய்க் கதைதான். அங்கே கட்டளை வாங்கும் பகுதி வெறும் 2 கிலோபைட், புரோகிராம் முடிந்ததும் டிஸ்க்கின் முதல் தடங்களிலிருந்து அது திரும்ப வாசிக்கப்படும்.

இனி உங்கள் மெஷின். நான் பார்க்காமல் சொல்ல முடியாத விஷயங்கள் இரண்டு. அதில் மெமரி உண்மையிலேயே 640 தானா என்பது ஒன்று. அந்தக் காலத்து மெஷின்கள் பல 256 அல்லது 512 உடன் வந்தன, மூடியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். செக்டிஸ்க் அடித்தால் கடைசி இரண்டு வரியில் மொத்த மெமரியும் மிஞ்சியதும் வரும். மொத்தம் 655,360 என்று இருந்தால் நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். 262,144 என்று இருந்தால் 64 உம் அதிகம். கொமாண்ட்.கொம், செக்டிஸ்க் இரண்டை மட்டும் கொள்ளுமாறு 48 வைத்துப் பாருங்கள். மற்றது, உங்கள் டிஸ்க்கில் இருக்கிற கொமாண்ட்.கொம்மும் தொடக்கும் டிஸ்க்கின் டொஸ்ஸும் ஒரே பதிப்பா என்பது. 3.2 இன் கோப்பை 3.3 இன் கீழ் கொம்ஸ்பெக்காக வைத்தால், பெரிய புரோகிராம் ஒன்றை மூடுகிற நேரம் பிழையான கொமாண்ட்.கொம் என்று சொல்லி மெஷின் நின்றுவிடும். லோட்டஸ் டிஸ்க்கிலும் யாராவது ஒரு கொமாண்ட்.கொம் போட்டு வைத்திருப்பார்கள், அதைக் கொப்பி பண்ணிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு வேலை இருக்கிறது. டொஸ் டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து, நீள்வட்டத் துவாரத்தில் தெரிகிற கறுப்புத் தாளை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். வாவிக்காற்றும் மாரி ஈரமும் பட்ட டிஸ்க்குகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும், எங்களிடம் இருந்ததில் பாதி அப்படித்தான் போனது, பிஸ்கட் டின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் பைக்கற்றோடு வைத்தது மட்டும் தப்பியது. பூஞ்சணம் கண்டால் டிரைவுக்குள் போடாதீர்கள், ஓடுகிற ஒரே டிரைவின் தலையும் கெட்டுவிடும். சுத்தமாக இருந்தால் காதுவெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, ராம் டிஸ்க் எதுவும் வைக்காமல் மெஷினைப் போட்டு, டிஸ்க்கொப்பி ஏ: ஏ: என்று இரண்டு பிரதி எடுங்கள். மூலத்தை எடுத்து வையுங்கள், கொன்பிக்.சிஸ்ஸில் கைவைப்பது பிரதியில். அது முடிந்ததும் செக்டிஸ்க்கின் அந்தக் கடைசி இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள், 128 ஆ 48 ஆ என்று அப்போது சொல்கிறேன்.